கழுவிக் காயவைத்த முன்னோர்கள்

முதலமடை,
ஆடி முதல் வெள்ளி.

பெருமதிப்பிற்குரிய தமக்கையார் பூவாத்தாள் அவர்களின் பாதங்களுக்கு, இளையவன் ஆறுமுகசாமி பணிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் நர்மதாவும் இரண்டு எருமைகளும் சுகம். அவ்விடம் உடுமலையில் தாங்களும், மாப்பிள்ளை கோகுல்நாத்தும், மருமகள் மௌனிகாவும் இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் முடியும் வரைக்குமாவது சுகமாக இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இதற்கு மேலும் 'தாங்கள்' போட்டால், இவன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டுத்தான் எழுதுகிறான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். ஆகையால் எப்போதும் போல நீ என்றே எழுதுகிறேன். தப்புப் பண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உனக்குக் காது மந்தம் என்று மௌனிகா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். போன தடவை நான் என் மூல வியாதியைப் பற்றி உன்னிடம் மட்டும் அந்தரங்கமாகச் சொன்னது, உங்கள் வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் காதிலும் விழுந்து, அவர்கள் அக்கறையாக ஒரு பை நிறையக் கருணைக்கிழங்கு கொடுத்தனுப்பினார்கள். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம் கௌரவம்தான். அதையும் ஸ்பீக்கரில் போட வேண்டாமே என்றுதான் இந்தக் கடிதம்.

சித்திரையில் நீ சொன்னது நினைவிருக்கும். "ஆடி அமாவாசைக்கு வரேன். ஆத்தா தலைமாட்டுல ஒரு வெளக்கு வெக்கோணும். பொம்பளைங்க மசானத்துக்கு வரக்கூடாதுன்னு ஒருத்தனும் சொல்லப்படாது. முட்டி ஆப்பரேசனுக்கு முன்னால எனக்கு இது ஒண்ணு ஆகோணும்" என்றாய். அதோடு நிறுத்தாமல், "எது ஆத்தாளோடதுன்னு அங்க வந்து நான் கேட்டுட்டு நிக்கப்படாது" என்றும் சொன்னாய். நான் உடனே, அதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அக்கா, எனக்குத் தெரியாது. ஆத்தா போனபோது எனக்கு மூன்று வயது, உனக்கு ஏழு. காய்ச்சல் என்று சொல்லி நம் இரண்டு பேரையும் நல்லேப்பிள்ளியில் ஆத்தாவைப் பெற்ற அமுச்சி வீட்டுக்கு வண்டியேற்றிவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஆத்தாவும் இல்லை, ஆத்தாவைப் பற்றிப் பேச்சும் இல்லை. அய்யன் கடைசி வரைக்கும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இத்தனையும் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும், தோப்போடு இங்கேயே கிடக்கிறவனுக்கு ஆத்தாவைப் புதைத்த இடம் கூடத் தெரியாது என்றால் நீ என்ன நினைப்பாய் என்று வாய் முந்திக்கொண்டுவிட்டது.

நம் வகையறா மேடு இருக்கிற கதி உனக்குத் தெரியாது, நீதான் உள்ளே வந்ததே இல்லையே. மாந்தோப்பின் வடகோடியில், வேலியை ஒட்டி இருக்கிறது. உண்ணிச்செடி ஆள் உயரம். இப்போது நம் ஆட்கள் எல்லோரும் கேஸ் தகனமேடைக்குப் போய்விடுவதால் இருபது வருஷமாக அங்கே யாரும் குடிவரவில்லை. ஆண்களுக்குத் தலைமாட்டில் ஒரு ஆற்றுக்கல், பெண்களுக்கு அவரவர் அரைத்த அம்மிக் குழவி, இதுதான் நம் வழக்கம். யார் பெயரும் எதிலும் எழுதியிருக்காது. தெரிந்தவர்கள்தானே வரப்போகிறார்கள், பெயர் எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். என்னைப் போல ஒருவன் வருவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

நான் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில், முன்னோர் மேடு புனரமைப்புக் கமிட்டி அமைக்கப்பட்டது என்று போட்டேன். தலைவர் நான், செயலாளர் நான், உறுப்பினர்களும் நான்தான், மற்றவர்கள் கட்டைவிரல் போட்டார்கள். உண்ணிச்செடியை வெட்ட ஆள் கிடைக்காததால், கொல்லங்கோட்டிலிருந்து ஜிஜோ என்கிற பையனின் ஜேசிபியை வரச் சொன்னேன். தோப்பு முனையில் வழியோரமாக ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறதே, நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பையை அதன் மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாயே, அதுதான் என் ஆபீஸ். இரண்டு கல் நட்டுக் குறுக்கே ஒரு பலகைக் கல், நெஞ்சு உயரத்துக்கு, ஃபிளாஸ்க் வைக்கவும் குடை வைக்கவும் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுக்கவும் ஆண்டவனே அளந்து போட்ட மாதிரி. அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நான் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தேன். ஜேசிபி உள்ளே திரும்ப அந்தக் கல்லே இடைஞ்சலாக இருந்தது. பிடுங்கிப் போட்டுவிடப்பா, என் ஃபிளாஸ்க்குக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜிஜோ வண்டியை விட்டு இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அதவிடெ நிக்கட்டெ சேட்டா" என்றான். அது அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, அரை நாள் வீணாக்கி வேலியை அவிழ்த்து அந்தப் பக்கமாக வண்டியை விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் வேகம் போதாது என்று நான் குரூப்பில் கூட எழுதினேன்.

செடி போனதும் மேடுகள் தெரிந்தன, கற்கள் தெரிந்தன. எல்லாக் கல்லிலும் பாசியும் எறும்புப் புற்றும். அக்கா, முப்பத்தைந்து வருஷம் பால் கேன் கழுவி அடுக்கிய இடத்தில் இருந்தவன் நான். ஒரு பொருளை அழுக்காகப் பார்த்தால் அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வரிசையாக வைக்காமல் என்னால் இருக்க முடியாது. எல்லாக் கல்லையும் ஒன்று விடாமல் பிடுங்கி, தள்ளுவண்டியில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூம் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, சிமெண்டுத் திட்டில் வெயில் பார்த்துக் காயவைத்தேன். அந்த நேரத்தில் அங்கே ஜிஜோவுக்குக் கை சும்மா இருக்கக் கூடாதே என்று, மேட்டையெல்லாம் லெவல் பண்ணிவிடு என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பண்ணிவிட்டான், அந்த வேலையில் மட்டும் வேகம் இருந்தது. வாலிபால் கோர்ட்டு மாதிரி இருந்தது. கற்கள் பளிச்சென்று வரிசையாக நிற்க, அதை ஒரு படம், கோர்ட்டை ஒரு படம் எடுத்து, முன்னோர்கள் புதுப்பொலிவுடன் என்று போட்டேன். கட்டைவிரலாகக் குவிந்தது. பிறகு நம் பெரியப்பா மகன் பொங்கியண்ணன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "எல்லாம் நல்லாருக்குது சாமி. எது எங்க இருந்துச்சு?"

அக்கா, அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, ஜேசிபியின் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. ஒரு பரம்பரை முழுவதையும் வீடு காலி பண்ண வைத்துவிட்டு, யார் எந்த வீடு என்று தெரியாமல் நடுத்தெருவில் நிற்கிறேன். அதை விட, ஆத்தா இருந்த இடம் ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கும், யாராவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும், அதையும் நானே வழித்து எறிந்துவிட்டேனே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சுமைதாங்கியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதேன். ஃபிளாஸ்க் உருண்டு விழுந்து அதுவும் உடைந்தது.

மறுநாள் பொங்கியண்ணனைக் காரில் கூட்டி வந்தேன். எண்பத்தாறு வயது, ஆனால் ஞாபகம் ஒன்றும் மங்கவில்லை என்று அவரே சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இடது பக்கம் முதலாவது அய்யனைப் பெற்ற அப்பாரு, அவருக்கு வலது கைப்பக்கம் சின்ன அப்பாரு என்று கைத்தடியை நீட்டி நீட்டிச் சொல்ல, நான் கல்லைத் தூக்கித் தூக்கி நட்டேன். இடுப்பு விட்டுப்போனது. பாதி முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தபோது வெயில் திரும்பிவிட்டதென்று நர்மதா நாற்காலியை நிழலில் எதிர்ப்பக்கமாகப் போட்டிருந்தாள். அவர் உட்கார்ந்து, மறுபடியும் இடது, வலது என்றே சொல்லிக்கொண்டு போனார். நானும் நட்டுக்கொண்டே போனேன். கிணற்றுத் தகராறில் முப்பது வருஷம் முகத்தில் முழிக்காத பெரியப்பாவும் சின்ன அப்பாருவும் பக்கத்துப் பக்கத்தில் தோளோடு தோள் நிற்பதைப் பார்த்த பிறகுதான், நாற்காலியோடு இடமும் வலமும் மாறிப்போனது எனக்கு உறைத்தது. இனி பிடுங்கி நட எனக்குத் தெம்பில்லை. செத்தவர்களுக்கு என்ன கோபம், சமாதானமாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இது குரூப்பில் யாருக்கும் தெரியாது.

எல்லாக் கல்லையும் நட்ட பிறகு ஒரு குழவி மிஞ்சியது. பொங்கியண்ணனுக்குச் சொல்ல இடம் தீர்ந்துவிட்டது, கையில் கல் தீரவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனை நன்றாகத் தேய்ந்து, மறு முனை தடியாக இருந்தது. அப்போது நீ சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது. "ஆத்தா ஒரட்டாங்கைக்காரி. அம்மியில அரைச்சா ஒரு பக்கமேதான் தேயும், அமுச்சி அதுக்குத் திட்டுவாங்க" என்று சொல்லியிருக்கிறாய். இடது கைக்காரியின் குழவி. வரிசையில் சேராமல் தானாக ஒதுங்கி என் கைக்கு வந்திருக்கிறது. அதைப் பொங்கியண்ணனிடம் நீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாஞ்சாமி, இந்த வேப்பமரத்துக்குக் கீழதான் வெச்சாங்க, நான் மண்ணு தள்ளுனேன்" என்றார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அங்கேயே குழவியை நட்டு, சுற்றி ஒரு மேடை கட்டினேன். சமையலறைக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸ் இருந்ததால் அதையே பதித்தேன். நீ பார்க்கும்போது அதிர்ச்சி அடையாமலிருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன், மேடையைச் சுற்றிலும் திராட்சைக் கொத்தும் டீ கப்பும் மாறி மாறி வரும். ஆவி பறக்கிற கப்.

கருங்கல் பலகையில் பெயர் வெட்டவும் கொடுத்தேன். ஆத்தா பெயரை ஒரு தாளில் எழுதி, கீழே கொஞ்சம் இடம் விட்டு, பழக்க தோஷத்தில் 'இப்படிக்கு, ஆறுமுகசாமி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சொசைட்டியில் என் கையெழுத்தில்லாமல் ஒரு தாள் நகராது. கல் வெட்டுகிறவர் என்ன செய்வார், கீழே இருந்ததுதான் போனவரின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதைப் பெரிதாக வெட்டி, மேலே ஒரு விளக்கும் வெட்டி, வாங்கப் போன என்னிடமே, "அய்யனுக்கு என்ன வயசுங்க, நல்ல சாவுங்களா?" என்று துக்கம் விசாரித்தார். நல்ல சாவுதான் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். நர்மதா அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிலடியில் வைத்திருக்கிறாள். எப்படியும் ஒரு நாள் வேண்டுமல்லவா, தேதி மட்டும் வெட்டினால் போதும் என்கிறாள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒன்று மட்டும் தேறிவிட்டது அக்கா. ஆத்தா கிடைத்துவிட்டாள். அவள் கை பட்ட குழவி, அவள் இருக்கிற இடம். தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து, நீ விளக்கு வைப்பதை நினைத்துக்கொள்கிறேன். உனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கும்போது, இந்த அறுபத்தெட்டு வயதில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறேன் என்றே தோன்றுகிறது. அமாவாசைக்கு முதல் நாளே கிளம்பி வந்துவிடு. வேப்பமரம் வரைக்கும் உன் முட்டிக்குச் சிரமமில்லாமல் மண்ணைச் சமப்படுத்தி வைத்திருக்கிறேன், சமப்படுத்துவதில்தான் நான் கெட்டிக்காரனாயிற்றே.

மாப்பிள்ளைக்கும் மௌனிகாவுக்கும் என் ஆசிகள். சம்பந்தி வீட்டாருக்கு, வியாதி கிழங்குக்குக் கேட்டது என்று சொல்லவும். உன் ஆசியை நேரில் காலில் விழுந்து வாங்கிக்கொள்கிறேன். விழும்போது முதுகில் இரண்டு போட்டாலும் அதையும் ஆசியாகவே எடுத்துக்கொள்வேன்.

உன் அன்புத் தம்பி,
ஆறுமுகசாமி
(இன்னும் உயிரோடு)

பி.கு.: கவரை ஒட்டிவிட்டேன், பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் நம்பாதே.

ஒட்டி முடித்துச் சட்டையை மாட்டும்போது நர்மதா மேட்டுப் பக்கமிருந்து வந்தாள், இடுப்பில் ஆத்தாவின் குழவியைத் தூக்கிக்கொண்டு. குங்குமம், பூ எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் சாவகாசமாக, "மிக்ஸி ஓடலீங்க, அம்மியில அரைக்கலாம்னு குழாயடியில பாத்தா குழவியக் காணோம். நம்மூட்டுக் குழவிக்கா மேடை கட்டி வெச்சிருக்கறீங்க?" என்றாள். மிக்ஸி வாங்கிய வருஷம் அம்மியையும் குழவியையும் மோட்டார் ரூம் குழாயடியில் போட்டாளாம். நான் கழுவிக் காயவைத்த வரிசையில் அதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு முனை எப்படித் தேய்ந்தது என்று விடாமல் கேட்டேன். அம்மியில் தேங்காயை வைத்து அரைத்துக் காட்டினாள். இடது கை. இந்த நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் மிக்ஸி வரும் வரைக்கும் அந்தக் கை அரைத்த சட்னியைத்தான் தின்றிருக்கிறேன் அக்கா, ஒரு நாளும் எந்தக் கை என்று பார்த்ததில்லை.

அப்படியானால் ஆத்தா எங்கே என்று கேட்டுக்கொண்டு பொங்கியண்ணன் வீட்டுக்கே ஓடினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் கமலாத்தாள் நங்கையாதான் இருந்தார்கள். வேப்பமரம், அண்ணன் மண் தள்ளியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் சிரித்தே விட்டார்கள். "இவரு எங்கீங்க மண்ணு தள்ளுனாரு? அப்ப இவரு ஏலப்பாறையில தேயிலைக் கம்பெனி வேலையிலல்ல இருந்தாரு. நான் புதுசா கல்யாணமாகி வந்து இங்க தனியா கெடந்தேன்" என்றார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள்.

"அந்த வரிசையில உங்காத்தா இல்லீங் கொழுந்தனாரே. காச்சல்னு உங்களுக்குச் சொன்னாங்க. அது காச்சல் இல்ல. வவுத்துல எட்டு மாசப் புள்ளையோட போன மகராசி. அப்படிப் போனவங்கள மத்தவங்களோட வெக்க மாட்டாங்க. எங்கியோ ஓடைப் பக்கம் தனியா வெச்சாங்க, அங்க கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்கய்யன் அவளுக்குக் கல்லு நட்டது வழியோரத்துல. அவரே வண்டி கட்டிப் போயி பலகைக் கல்லு கொண்டாந்தாரு. எறக்காத சுமையோட போனவளுக்கு, வர்றவங்க போறவங்க தலைச்சுமைய அதும்மேல எறக்கி வெச்சா அவ சுமை கொறையும்னு வெக்கறது."

அக்கா, சுமைதாங்கி. நான் எல்லாக் கல்லையும் பிடுங்கிக் கழுவினேன், அது ஒன்றைத் தவிர. அதன் மேல் என் ஃபிளாஸ்க்கையும் குடையையும் போனையும் வைத்துக்கொண்டு ஆத்தாவை எங்கே எங்கே என்று ஊரெல்லாம் தேடினேன். பிடுங்கிப் போடு என்று நான் சொன்னேன், ஜிஜோதான் இறங்கிச் சுற்றிப் பார்த்து அதை நிற்க விட்டான். அன்றைக்கு அழுதபோது என் தலை இருந்ததும் அதன் மேல்தான். அய்யன் ஏன் வாயே திறக்கவில்லை என்றும் இப்போதுதான் புரிகிறது. சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் கல்லாகத் தூக்கி வந்து வழியில் நட்டுவிட்டார்.

ஆகையால் நீ மேட்டுக்கெல்லாம் வர வேண்டாம். டீ கப் மேடை காலியாகக் கிடக்கிறது, அதில் எருமைக்குத் தண்ணி வைக்கலாம் என்கிறாள் நர்மதா. வழியோரத்தில் யாரும் நிற்கலாம், பொம்பளைகள் வரக்கூடாது என்று சொல்ல அங்கே ஒருத்தனுக்கும் வழியில்லை. கல்லை நான் கழுவவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை, தொடவும் மாட்டேன். விளக்கு ஒன்று போதும்.

ஆனால் நீ எத்தனை வருஷமாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, முறுக்கும் அரிசியும் துணியுமாக அந்தப் பெரிய பையை அதன் மேல் இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு "ஆறூ, வந்து தூக்குடா" என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் எத்தனை தடவை உன்னைத் திட்டியிருக்கிறேன், எதற்கு இவ்வளவு சுமந்துகொண்டு வருகிறாய் என்று. இனித் திட்ட மாட்டேன். இந்தத் தடவையும் பையைக் கனமாகவே கொண்டு வா அக்கா.